விசிறிகள் நின்ற பிறகு

ஞானதுரை எழுந்து சுவிட்சுப் பலகையை நோக்கிப் போனதைப் பார்த்ததுமே எப்சிபாள் முந்தானையை இழுத்து மடிமேல் போட்டுக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவர்தான் போவார். ஆறு விசிறியையும் அணைப்பதும், மூப்பர் கை காட்டியதும் திரும்பப் போடுவதும் அவள் புருஷனுக்குச் சபை கொடுத்திருக்கும் பொறுப்பு, அதை அவர் பெரிய உத்தியோகம் மாதிரி சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு செய்வார். டக், டக், டக். விசிறிகள் சட்டென்று நின்று தொலைக்காது, அணைத்த பிறகும் மனசில்லாமல் சுற்றும், வேகம் குறையும், இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும், கடைசி விசிறி மட்டும் ஒரு முனகல் முனகி ஓயும். அந்த முனகல்தான் கடைசிச் சத்தம். அதன் பிறகு காத்திருப்பு. அப்பம் பிட்குமுன் ஆவியானவர் மெல்லிய சத்தத்தில் மூப்பரோடு பேசுவார், அதற்குச் சபை முழுவதும் மூச்சு விடுவது கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், இருமல் ஆகாது, பாயில் கால் மாற்றி வைப்பது ஆகாது, ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தால் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சில ஞாயிறு சீக்கிரம் முடிந்துவிடும், சில ஞாயிறு மத்தியானச் சோறு ஆறிப்போகிற வரைக்கும் போகும், அது மூப்பருக்கும் ஆவியானவருக்கும் உள்ள காரியம், யாரும் கேட்க முடியாது. இந்த வெள்ளைச் சேலைக்குள் இத்தனை வருஷமாக எப்சிபாள் அதற்குப் பயந்ததில்லை, சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கியும் இருக்கிறாள். ஆனால் இன்று அவள் பக்கத்தில் மகள் கெத்சியாள் உட்கார்ந்திருந்தாள். போன வாரம்தான் பன்னிரண்டு முடிந்தது. பன்னிரண்டு முடிந்த பிள்ளை முதல்முறையாக உள்ளே வந்து காத்திருப்பில் உட்காருகிற ஞாயிறு இது, சத்தமில்லாமல் இருந்து எழுந்தால் சபைக்குப் பிள்ளை, சத்தம் வந்தால் அதற்குள்ளே வேறு ஆவி. வேறு ஆவி இருந்தால் முன்னால் பாய் விரிப்பார்கள், ஜெபிப்பார்கள், பிறகு கிணற்றடிக்குப் பக்கத்தில் இருக்கும் உபவாச அறைக்குக் கொண்டுபோவார்கள். கடைசி விசிறி முனகி நின்றது. மகளின் ஆள்காட்டி விரலை எப்சிபாள் சேலை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டாள்.

வரும்போல இருந்தால் என் விரலை அமுக்கு, நான் திரும்ப அமுக்குவேன், நான் அமுக்குகிற வரைக்கும் பிடித்துக்கொள், அவ்வளவுதான் மக்ளே என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதானாம். சொல்லுவதற்கு லேசாகத்தான் இருந்தது. அந்தச் சத்தத்தை அவள் முதலில் கேட்டபோது வீட்டுக்குள் அணில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள், க்ளிக் க்ளிக்கென்று இரண்டு, பிறகு ஒன்று நீளமாக, அரிசிப் பானையை நகர்த்தி, பரண்மேல் ஏறி, அவரையும் எழுப்பி விளக்கைப் போட்டுத் தேடினால் பிள்ளை பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்தபடி இருக்கிறது, தலை ஒரு வெட்டு வெட்டுகிறது, தொண்டையிலிருந்து அணில் கத்துகிறது. அப்போது அதற்கு ஏழு வயது. வெளையாடுதியாட்டி என்று தொடையில் ஒன்று வைத்தாள். இல்லம்மா, அதுவா வருது என்றது. அதுவா வருது. அந்த ஒரு சொல்லில்தான் அவளுக்கு உடம்பு சில்லென்று ஆனது, ஏனென்றால் சபையில் எதெல்லாம் அதுவாக வருகிறதோ அதெல்லாம் பிசாசு, நாமாகச் செய்வது பாவம், பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, பிசாசுக்கு அறைதான் உண்டு. வெளையாட்டுக்குத்தான் செய்யுதேன்னு சொல்லுட்டி என்று அந்த ராத்திரி பிள்ளையிடம் கெஞ்சினது நினைவிருக்கிறது, பொய் சொல்லாதே என்று தினமும் சொல்லிக்கொடுக்கிற வாய். மருந்து தொடாத சபை. ஆனாலும் போன வருஷம் அத்தை வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனாள், ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைச் சேலையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து பஸ் ஸ்டாண்டிலேயே பூப்போட்ட சேலைக்கு மாறினாள், அந்தச் சேலையில் அவளுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. அந்த டாக்டரம்மா சின்னப் பெண், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள், இது பேயும் இல்லம்மா பிசாசும் இல்ல, நரம்பு சம்பந்தப்பட்டது, நிறைய பிள்ளைங்களுக்கு இருக்கு, பெரிசானா பலருக்குக் குறைஞ்சிடும், ஒண்ணு மட்டும் செய்யுங்க, அடக்கு அடக்குன்னு சொல்லாதீங்க, பயந்தா ஜாஸ்தியாகும். அடக்கச் சொல்லாதீங்க. எப்சிபாள் தலையாட்டினாள், தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அடக்குவதற்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள், வேறு என்ன செய்வாள், அந்த டாக்டரம்மாவா வந்து காத்திருப்பில் பக்கத்தில் உட்காரப் போகிறாள்.

வியர்வை முதுகுப் பள்ளத்தில் இறங்கியது. ரவிக்கை முழுக்கை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். அடுக்களையில்தான் பயிற்சி. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு இருவரும் எதிரும் புதிருமாக உட்காருவார்கள், விசில் வருகிற வரைக்கும் பிடிக்க வேண்டும், பிறகு இரண்டாவது விசில், பிறகு மூன்றாவது, பிள்ளையின் கண் நிறைந்து உதடு வெளுத்துக் கழுத்து நரம்பு புடைக்கும், விசில் வந்ததும் துள்ளி எழுந்து கொல்லைக்கு ஓடும், அங்கே வாழைக்குப் பின்னால் நின்று சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டும், ஒரு மரத்து அணில் முழுவதும் அதன் தொண்டையில் இருந்து கத்தும். கத்தி முடித்துவிட்டு வந்து, இன்னிக்கு நல்லா இருந்தேனாம்மா என்று கேட்கும். நல்லா இருந்த மக்ளே. எந்த இடத்துலட்டி தொடங்குது, எனக்குச் சொல்லு என்று ஒருநாள் கேட்டாள். பிள்ளை யோசித்து, நாக்குக்கு அடியில ஒரு அரிப்பு மாதிரி வரும்மா, பெறகு தொண்டையில ஏறும், போடாட்டி செத்துருவோம்னு இருக்கும், போட்டா சரியாயிரும் என்றது. இதைத் தெரிந்துகொண்டால் அடக்கவும் சொல்லிக்கொடுக்கலாம் என்று எப்சிபாளுக்குத் தோன்றிவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் அவர் சபை வேனை எடுத்துக்கொண்டு போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லையில் அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தாள். முதலில் விக்கல் மாதிரி வந்தது, பிறகு கோழிக்குஞ்சு மாதிரி, விடவில்லை, நாக்கை எங்கே வைப்பது, மூச்சை எப்போது பிடிப்பது என்று வாரக்கணக்கில் போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு நாள் அச்சாக வந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வேப்பமரத்தில் நிஜ அணில் ஒன்று பதிலுக்குக் கத்தியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, தனியாக நின்று சிரித்தாள், பிறகு பயந்துபோய் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அணில். ஆண்டவரே, இப்போது இந்தக் கூரையில் ஒரே ஒரு அணிலை விடும், பிள்ளைக்குச் சத்தம் வந்தாலும் அணில் என்று போய்விடும். ஆனால் எங்கே வரும், போன வருஷம்தான் ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட்டார்கள், அவளும்தான் ஜல்லி சுமந்தாள், பல்லிகூட ஏற முடியாமல் பூசி மெழுகி வைத்திருக்கிறது. விரல் அமுங்கியது. வருகிறது. எப்சிபாள் திரும்ப அமுக்கினாள், நகம் பதிகிற மாதிரி அமுக்கினாள், பிள்ளையின் புறங்கழுத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது, ஒன்று உருண்டு காலருக்குள் போயிற்று. விரல் மெதுவாகத் தளர்ந்தது. போய்விட்டது. ஒன்று போய்விட்டது.

இரண்டு வரிசை முன்னால் தெபோராள் அக்கா உட்கார்ந்திருந்தாள், பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் கண்காணி, கழுத்தைத் திருப்பாமலேயே பின்னால் நடப்பதைப் பார்க்கிறவள். தீத்துவைக் காட்டிக் கொடுத்ததும் அவள்தான் என்பார்கள், காட்டிக் கொடுக்க என்ன இருந்தது, அவன் திக்குவது ஊருக்கே தெரியும். தம்பி தீத்து. பிறந்ததிலிருந்து திக்குவாய், பானா வந்தால் போச்சு, பழம் என்று சொல்ல ப்... ப்... ப்... என்று உதட்டை ஒட்டி ஒட்டி எடுப்பான், அப்பா எரிந்து விழுவார், அம்மா பாவம் பார்த்து, பழமா, பாலா என்று அவளே சொல்லி முடித்துவிடுவாள், அப்போது அவன் முகம் சுருங்கிப்போகும். எப்சிபாள் மட்டும் முடிக்க மாட்டாள். அவளுக்கு அது பெரிய குணம் என்றில்லை, என்ன சொல்லப் போகிறான் என்று கேட்கிற ஆசை, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள், அவனும் நிதானமாக வந்து சேருவான், சேர்ந்ததும் இருவருக்கும் ஒரு சந்தோஷம். அவன் உள்ளே உட்கார்ந்த பிறகு சாட்சி சொல்ல எழுப்பினார்கள், ஆண்டவர் பெரியவர் என்று சொல்ல வேண்டும், பெரியவரில் மாட்டிக்கொண்டான். கர்த்தருடைய மகிமையைச் சொல்ல விடாமல் நாவைக் கட்டியிருக்கிறது ஒரு ஆவி என்றார் நத்தானியேல் மூப்பர், அப்போது அவருக்குத் தாடி கறுப்பு, முன்னால வா மகனே, பயப்படாத என்றார், குரல் என்னவோ வெல்லப்பாகுதான். அறைக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள் என்று தெரியும். ராத்திரியில் ஜெபச் சத்தம் கேட்டது, பிறகு அவன் சத்தம் கேட்டது, பிறகு ஜெபச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது தீத்து திக்கவில்லை. ஏனென்றால் பேசவில்லை. இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டு அவிழ்ந்தது, இனி அவன் நாவு தடுமாறாது என்று மூப்பர் சாட்சியாகச் சொன்னார், சபை கை தட்டியது, அம்மாவும் அழுதுகொண்டே தட்டினாள். சாட்சி சொல்லியாயிற்று, ஆனால் பேசாதவனை உள்ளே உட்கார வைத்தால் பாட்டு வேளையில் வாயை மூடிக்கொண்டு நிற்பான், பார்க்க நன்றாயிருக்காது என்று புறவாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறான், தலையில் நரை விழுந்துவிட்டது, உள்ளே போகிறவர்கள் கழற்றிப் போடும் செருப்பை ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பதுதான் வேலை. இன்று காலையில் கெத்சியாளின் செருப்பை அவன் கையில் எடுத்துப் பார்த்தான், புதுச் செருப்பு, பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்சிபாள் நினைக்கக்கூடாது என்று வந்தாள், இதோ நினைத்துவிட்டாள்.

நினைக்காதே, வேறு எதையாவது நினை. திராட்சை ரசம் காய்ச்சிய வாசனை வருகிறது, அப்பத்தட்டின்மேல் துணி மூடியிருக்கிறது, அதன் ஓரத்தில் எறும்பு. மூப்பர் கண்ணை மூடியிருக்கிறார். பேசுமேன் ஆவியானவரே, ஒரு வார்த்தை சீக்கிரம் பேசித் தொலையுமேன். ஐயோ மன்னியும், தொலையும் என்று சொல்லிவிட்டேன். விரல். விரல் அமுங்கியது, அமுக்கினாள், இந்த முறை நீண்ட நேரம், பிள்ளையின் தலை ஒரு வெட்டு வெட்டப் பார்த்து நின்றது, நல்லவேளை பின்னலை இறுக்கிப் போட்டிருந்தேன், பின்னலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், தெரியாது. காலையில் கிளம்பும்போது அவரிடம் கேட்டாள். ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஃபேனைக் கொஞ்சம் முன்னாலயே போட்டுற முடியாதா. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மூப்பர் கை காட்டாம நானா எப்பிடிளா போடுவேன் என்றார். கை தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுங்க. சபையில பொய் சொல்லச் சொல்லுதியா. சொல்லவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் உங்கள் சுவிட்சைக் கட்டிக்கொண்டு அழுங்கள். அவருக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லாமலில்லை, ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு அதன் தொண்டையில் கைவைத்து ஜெபித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள், தூக்கத்தில் சத்தமே வராது, வராத சத்தத்துக்கு ஜெபிப்பார். இதோ சுவிட்சுப் பலகைக்குக் கீழே நிற்கிறார், பார்வையைத் தரையில் நட்டுக்கொண்டு. பாருங்கள், இந்தப் பக்கம் பாருங்கள். பார்க்கவில்லை.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் புறவாசலில் பியூலாவின் முக்காடு தெரிந்தது. எப்சிபாளும் அவளும் ஒரே வருஷம் உள்ளே உட்கார்ந்தவர்கள், அப்போதெல்லாம் பாட்டு எடுத்துக் கொடுத்தது பியூலாதான், அந்தக் குரலுக்கு விசிறியெல்லாம் தேவையில்லை, கேட்டாலே உடம்பு குளிர்ந்துபோகும். கல்யாணம் ஆகி இரண்டாவது வருஷம் மோவாயில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது, மிளகளவு. பவுடர் போட்டு மறைக்கச் சபையில் பவுடர் கிடையாது. புள்ளி படர்ந்தது, பழுதுள்ளது பலிபீடத்தண்டை சேரக்கூடாது என்று மூப்பர் வேதத்தைத் திறந்து காட்டினார், பியூலா எழுந்து தன் பாயைத் தானே சுருட்டிக்கொண்டு வெளியே போனாள். இப்போது அவளோடு அங்கே கால் சூம்பியவர், கூன் விழுந்தவர், மேலுதடு பிளந்த ஒரு பிள்ளை, அதன் அம்மா. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய அப்பம் ஜன்னல் வழியாகப் போகும். இத்தனை வருஷமும் அந்த ஜன்னலைப் பார்க்காமல் சாப்பிட்டுப் பழகிவிட்டாள் எப்சிபாள், தொண்டையில் சிக்கவில்லை, நன்றாகத்தான் இறங்கிற்று. சரி, இன்று பிள்ளை தப்பித்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். சத்தமில்லாமல் எழுந்து அப்பம் வாங்கிவிடும், தெபோராள் அக்கா கன்னத்தைக் கிள்ளுவாள், வீட்டுக்குப் போய் கோழிக் குழம்பு. பிறகு அடுத்த ஞாயிறு. இந்த எண்ணம் அவளுக்கு இதுவரைக்கும் வரவேயில்லை, எப்படி வராமல் போனது என்று அவளுக்கே புரியவில்லை, இந்த ஒரு ஞாயிறைத் தாண்டிவிட்டால் போதும் என்றே மாதக்கணக்காகக் குக்கர் வைத்துக்கொண்டிருந்தாளே, அடுத்த ஞாயிறும் விசிறி நிற்குமே, அதற்கு அடுத்த ஞாயிறும். கல்யாணத்தன்றைக்கும் நிற்கும், பிள்ளை பெற்ற பிறகும் நிற்கும். இதே மாதிரி கண் நிறைய, உதடு வெளுக்க, நரம்பு புடைக்க. யார் விரலைப் பிடிக்கும் அப்போது? கிழவியாகிற வரைக்கும் அடக்கி அடக்கி, ஒரு நாள் தீத்து மாதிரி மொத்தமாக அடங்கிவிடும், மூப்பர் சாட்சி சொல்வார், நானும் அழுதுகொண்டே கை தட்டுவேன். நான் தட்டுவேன், தட்டுகிறவள்தான் நான். விரல் அமுங்கியது. இப்போது விடவேயில்லை, அமுங்கியபடியே இருந்தது, நடுங்கியது, பெரியது ஒன்று வருகிறது, அந்த நீளமானது, எப்சிபாள் அமுக்கினாள், பிடி மக்ளே, பிடி, நாக்குக்கு அடியில் அரிப்பு, அங்கேயே நிறுத்து, மேலே ஏற விடாதே, தொண்டைக்கு வந்துவிட்டது, போடாவிட்டால் செத்துவிடுவோம் என்று இருக்கும், இருக்கும், நாக்கை மடக்கு, மூச்சைப் பிடி, பிடித்துக்கொள், பிடித்துக்கொள்.

க்ளிக், க்ளிக், க்ளீஈக்.

சத்தம் வந்தேவிட்டது. காங்கிரீட் கூரையில் மோதித் திரும்பி வந்தது. பெண்கள் பக்கத்தில் முக்காடுகள் அசைந்தன, தெபோராள் அக்கா இந்த முறை கழுத்தைத் திருப்பியே பார்த்தாள். எப்சிபாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் வாய் மூடியிருந்தது. தொண்டை அசையவில்லை. விரல் இன்னும் அமுங்கியபடியே நடுங்கிக்கொண்டிருந்தது, அது இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, பாவம், சொன்னபடியே பிடித்துக்கொண்டிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருப்பதும், நாக்கின் அடியில் ஒரு சுகம் பரவுவதும் எப்சிபாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வந்தது அவள் வாயிலிருந்து.

மூப்பர் கண்ணைத் திறந்தார். கோபமெல்லாம் இல்லை அவருக்கு.

"யாரு?"

முந்தானைக்குள்ளிருந்து விரல் உருவிக்கொண்டு போனது. கெத்சியாள் எழுந்து நின்றாள்.

"நான்தான் ஐயா."

அந்தச் சத்தம் தன்னுடையது இல்லை என்று பிள்ளைக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் அது தன்னுடைய குற்றம்தான் என்று ஏழு வயதிலிருந்து படித்துவிட்டது. படிப்பித்தவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதன் முகத்தில் பயம்கூட இல்லை, மூன்றாவது விசிலுக்கு முன்னால் தோற்றுவிட்ட முகம்.

"முன்னால வா மகளே. பயப்படாத" என்றார் மூப்பர். அதே வெல்லப்பாகு. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து பாயை உதறினார்கள். கெத்சியாள் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். எப்சிபாள் உட்கார்ந்தே இருந்தாள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை, சும்மா இருப்பது அவளுக்குத் தெரியாத வித்தையும் இல்லை, கால் மரத்துப்போயிருந்தது, பயத்தில் அவளுக்கு மூத்திரம் வந்துவிடும்போல இருந்தது. அந்தக் காலோடுதான் எழுந்தாள். எழுந்து பிள்ளையின் பின்னலைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஐயா, அது பிள்ள இல்ல. நான்."

"உக்காருளா எப்சி" என்று தெபோராள் அக்கா பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

மூப்பர் சிரித்தார். "தாய்ப்பாசம் வேற, சத்தியம் வேற சகோதரி. சபை நடுவுல பொய் சொல்லாதீங்க. பிள்ளையை விடுங்க."

"பொய் இல்லய்யா. கேளுங்க."

நாக்கை மடக்கினாள். மூச்சைப் பிடித்தாள். கொல்லையில் தனியாக நின்று படித்ததைச் சபை நடுவில், தலையை வெட்டி, அச்சாகப் போட்டாள். ஆண்கள் பக்கத்தில் யாரோ ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முனக ஆரம்பித்தார்கள். மூப்பரின் சிரிப்பு போய்விட்டது. அவருக்கு இதற்கு ஒரு பேர் தேட நேரம் வேண்டியிருந்தது.

கெத்சியாள் திரும்பி அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "ம்மா, ஒனக்கும் வருமா?"

"வருது மக்ளே."

"அறைக்கு ரெண்டு பேரையும்..." என்று மூப்பர் தொடங்கினார், அவர் முடிப்பதற்குள் பிள்ளைக்கு வந்துவிட்டது, காலையிலிருந்து சேர்த்து வைத்தது அத்தனையும், க்ளிக் க்ளிக்கென்று, தலை வெட்ட வெட்ட, அடக்காமல். எப்சிபாள் அதன் வாயைப் பொத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பாய்களுக்கு நடுவே நடந்தாள். பெண்கள் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டார்கள், ஒட்டிக்கொண்டுவிடும் என்ற பயத்தில்தான், ஆனாலும் வழி வழிதான். தெபோராள் அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்தாள், இழுத்த இழுப்பில் தோளில் குத்தியிருந்த ஊக்கு கழன்றது, எப்சிபாள் முந்தானையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தாள். நிலைப்படியைத் தாண்டும்போது பின்னால் விசிறிகள் சுற்றத் தொடங்குகிற சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று. மூப்பர் கை காட்டினாரோ, ஞானதுரை தானாகப் போட்டாரோ. இனிமேல் போட்டு என்ன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அழுகை வந்துவிட்டது.

புறவாசலில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பியூலா முக்காட்டை விலக்கிவிட்டு, தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். எப்சிபாள் அந்த இடத்தைப் பார்த்தாள், ஒரு ஆள் உட்காரத் தாராளமாக இருந்தது, நிழலும் இருந்தது. இல்லை என்று தலையாட்டினாள். படிக்கட்டில் நூறு ஜோடிச் செருப்பும் சபையைப் பார்த்து அடுக்கியிருந்தது. இரண்டு ஜோடி மட்டும் தனியாக, கீழ்ப்படியில், ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது, ஒன்று அவளுடையது, ஒன்று புதுசு. இருவரும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெளி மணலில் கால் வைத்ததும் வெயில் முகத்தில் அடித்தது.

பின்னாலேயே தீத்து இறங்கி வந்தான், வெறுங்காலோடு. மணல் சுட்டது, கால் மாற்றி மாற்றி நின்றான். எப்சிபாளைப் பார்த்தான். உதடு ஒட்டியது. பிரிந்தது. மறுபடியும் ஒட்டியது.

"ப்..."

அவள் அவன் பக்கம் முழுவதுமாகத் திரும்பி நின்றாள்.

"ப்... ப்..."

போவோம் என்கிறானா, போகாதே என்கிறானா, பிள்ளை என்கிறானா, தெரியவில்லை. உள்ளே மூப்பரின் குரல் உயர்ந்தது, யாரோ வாசலுக்கு ஓடி வருகிற சத்தம் கேட்டது. கெத்சியாள் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதவி செய்ய நினைத்து, "போ..." என்று எடுத்துக் கொடுக்கப் போனாள். எப்சிபாள் அவள் விரலை அமுக்கினாள். பிள்ளை நிறுத்திக்கொண்டது.

"ப்... ப்... ப்..."

இருவரும் அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் வெயிலில் நின்றார்கள்.